நன்றியுரையில் இடம் போதாதவர்களுக்கு

அன்புள்ள வாசக நண்பர்களுக்கு,

வணக்கம். என் சிறுகதைத் தொகுப்பு அச்சுக்குப் போய்விட்டது. புத்தகம் 128 பக்கம். அச்சகக் கணக்கில் ஃபாரம் ஒன்றுக்கு 16 பக்கம், ஆக எட்டு ஃபாரம். ஒரு பக்கம் கூடினாலும் ஒன்பதாவது ஃபாரம் போட வேண்டும், விலையும் ஏறும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். அதனால் நன்றியுரைக்கு முக்கால் பக்கம்தான் மிஞ்சியது. அம்மா, வீட்டுக்காரர், அட்டை வரைந்தவர், மெய்ப்புப் பார்த்தவர் என்று எழுதியதும் இடம் தீர்ந்துபோனது. நம் வாட்ஸ்அப் வாசிப்புக் குழுவில் இருக்கும் உங்களுக்குக் கிடைத்தது “வாசக நண்பர்கள் அனைவருக்கும்” என்ற ஒரே வரி. எனக்கு அது போதவே இல்லை. அதனால் இந்த மடல்.

பெயர்களைப் போடவில்லை. உங்களில் பலர் அதை விரும்ப மாட்டீர்கள். ஊரையும் உறவையும் சொன்னாலே யார் யார் என்று நமக்குள் தெரிந்துவிடும்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். பகல் முழுக்க பில்லும் சலானும் பீஸ் ரேட்டும்தான். சாயங்காலம் வீட்டு வேலை. பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் கையில் கிடைத்த பொட்டலக் காகிதத்தைக்கூடப் படித்தவளுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு பல வருடம் புத்தகத்தின் பக்கம் போகவே வாய்க்கவில்லை. சேலத்து அக்காதான் என்னை இந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு மேல், பாத்திரம் கழுவி வைத்துவிட்டு வந்தால் யாராவது ஒருவர் “இப்ப என்ன ஓடிட்டிருக்கு?” என்று கேட்டிருப்பார். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுவார். இன்னொருவர் அதை எந்த ஊர்ப் பேருந்தில் படித்தார் என்று சொல்வார். முன்னுரையை முதலில் படிப்பதா, கதையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் படிப்பதா என்று ஒரு ராத்திரி முழுக்கப் பேசினோமே, நினைவிருக்கிறதா? பக்க ஓரத்தை மடிக்கிறவர்களும் பஸ் டிக்கெட்டைச் செருகுகிறவர்களும் அன்றைக்குச் சமாதானமே ஆகவில்லை.

யாரும் யாரையும் ஜெயிக்கப் பார்க்காத பேச்சு அது. “நான் அதைப் படித்ததில்லை” என்று சொல்ல அங்கே யாருக்கும் கூச்சம் இல்லை. எனக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தது அதுதான். புத்தகக் கூட்டங்களுக்கு நானும் போயிருக்கிறேன். மேடையில் பேசுகிறவர்கள் எல்லாம் படித்து முடித்தவர்களாக இருப்பார்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறவர்களாக இருந்தீர்கள்.

மன்னார்குடி ஐயாவிடம் ஒருநாள், “நாம சும்மா அரட்டைதானே ஐயா அடிக்கிறோம், இதில இலக்கியம் எங்க இருக்கு?” என்று கேட்டேன். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று நீளமாக ஒரு குரல்பதிவு அனுப்பினார். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (டி.கே.சி.) வீட்டு முற்றத்தில் கூடிய ‘வட்டத்தொட்டி’ என்ற இலக்கிய நண்பர் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ரசித்து, சாப்பிட்டு, மறுபடி பேசினார்களாம். பிறகு கோவில்பட்டி பக்கத்து இடைசெவல் கிராமத்துக்குப் பேச்சு வந்தது. எழுத்தாளர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் அந்த ஒரே ஊரில், 1923 செப்டம்பரில், சில நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். படித்ததையும் கேட்ட சங்கீதத்தையும் பற்றி ஓயாமல் பேசியவர்கள், ஊர் பிரிந்த பிறகு அதையே கடிதமாக எழுதிக்கொண்டவர்கள். “ரெண்டு பேருக்கும் சாகித்திய அகாதெமி விருது கிடைச்சுதும்மா. ஆனா அந்தக் கடிதங்களை எழுதும்போது விருதுக்காகவா எழுதினாங்க? நண்பனுக்குச் சொல்லணும்னு எழுதினாங்க. நீங்க ராத்திரி பத்து மணிக்குப் பண்றதும் அதுதான்” என்று முடித்தார். அந்தக் குரல்பதிவை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஐயாவுக்கு இன்னொரு நன்றியும் உண்டு. புத்தகம் வாங்கக் கையில் காசில்லாத மாதங்களில் என்னைக் கிளை நூலகத்துக்கு விரட்டியவர் அவர். “வீட்டு வரியில ரூபாய்க்குப் பத்து பைசா நூலக வரின்னு வாங்குறாங்க. நீ வாடகைக்கு இருந்தாலும் வாடகையில அதுவும் சேர்ந்துதான் இருக்கு. உரிமையாப் போய்க் கேளு” என்றார். 1948-லேயே சட்டம் போட்டுப் பொது நூலகங்களை உண்டாக்கிய மாநிலம் இது என்பதும் அன்றுதான் எனக்குத் தெரியும். எங்கள் கிளை நூலகர் குழுவில் இல்லை. ஆனாலும் இந்த மடலை அவருக்கும் ஒரு படி எடுத்துக் கொடுக்கப் போகிறேன். அலமாரியில் இல்லாத புத்தகத்தை மாவட்ட மைய நூலகத்திலிருந்து கேட்டு வாங்கி வைத்துவிட்டு, “உங்க புத்தகம் வந்திருக்கு” என்று போன் பண்ணிச் சொன்னவர் அவர்.

சேலத்து அக்கா, உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் அம்மாவின் கதையைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பாட்டி கல்கி இதழில் 1950-இல் தொடங்கி 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரை வாரா வாரம் கிழித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்திருந்தார். காலிக்கோ முதுகு, கோந்து வாசம், ஓரங்களில் பாட்டி பென்சிலால் எழுதிய பால் கணக்கு. வீடு மாறி மாறி வந்ததில் கடைசித் தொகுதியில் கொஞ்சம் பக்கங்கள் போய்விட்டன. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் கதை எங்கும் கிடைக்கும். அம்மாவுக்கு வேண்டியது கதை மட்டும் இல்லை, அந்தப் பக்கங்களில் இருந்த ஓவியர் மணியத்தின் படங்கள். குழுவில் இதைச் சும்மா ஒரு பேச்சாகத்தான் சொன்னேன். அக்கா தன் மாமியார் வைத்திருந்த பைண்டைப் பரணிலிருந்து இறக்கி, ஒவ்வொரு பக்கமாக வெயிலில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினார். பின்பக்கத்து விளம்பரங்களையும் விடவில்லை. அம்மாவுக்குச் சின்ன எழுத்து இப்போது தெரிவதில்லை. போனில் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, குந்தவையின் கொண்டையை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கொண்டையைப் பாத்துட்டு எங்கம்மா எனக்குப் போட்டுவிட்டாங்க” என்றார். அந்தப் பேச்சை நான் அதுவரை கேட்டதே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. அம்மாவால் படிக்க முடியாது என்று தெரிந்ததும் உங்களில் மூன்று பேர் முறை வைத்துக்கொண்டு அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துக் குரல்பதிவாக அனுப்பினீர்கள். நாகர்கோவில் தம்பி படிக்கும்போது பின்னால் மழைச் சத்தம் கேட்கும். மணப்பாறை மதினி நடுவில் நிறுத்தி, “அம்மா, தண்ணி குடிச்சுட்டு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போவார், அம்மாவும் போனைப் பார்த்துத் தலையாட்டுவார். நேரில் பார்த்தே இராத ஒருவரின் அம்மாவுக்காக இதைச் செய்திருக்கிறீர்கள். இதற்கு நான் என்ன எழுதினாலும் குறைவுதான்.

டொரண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா, ஈழத்து எழுத்தை எனக்குக் காட்டியவர் நீங்கள். “அந்தப் புத்தகம் இங்கே கிடைக்கவில்லை” என்று யார் சொன்னாலும் சில நிமிடங்களில் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்திலிருந்து எடுத்து அனுப்பிவிடுவீர்கள். 2005-இல் தொடங்கி, தன்னார்வலர்களின் உழைப்பால் இன்று வரை வளர்ந்துவரும் அந்த எண்ணிம நூலகத்தை நான் அறிந்தது உங்களால். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எதை எப்படித் தேடுவது என்பதையும் நீங்களே சொல்லிக்கொடுத்தீர்கள். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கு எனக்குப் பிடிபடாமல் திணறியபோது, கதையின் உரையாடல்களை மட்டும் உங்கள் குரலில் வாசித்து அனுப்பினீர்கள். அதன் பிறகு அந்தக் கதைகளை நான் கண்ணால் படித்தாலும் காதில் உங்கள் குரல்தான் கேட்கிறது.

ஒருமுறை ஏன் இத்தனை அக்கறையாக ஸ்கேன் பண்ணிய புத்தகங்களைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். 1981-இல் யாழ் நூலகம் எரிந்ததைச் சொன்னீர்கள். ஏறத்தாழ 97,000 நூல்கள். “சின்ன வயசில அங்க எடுத்து வாசிச்ச ஒரு சிறுவர் புத்தகத்தை இப்பவும் தேடிக்கொண்டிருக்கிறன் தங்கச்சி. பேர் ஞாபகமில்லை. அட்டையில ஒரு வள்ளம் இருந்தது” என்றீர்கள். அண்ணா, அந்த வள்ளத்தை, அந்தப் படகை, நாங்களும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். பழைய புத்தகக் கடை எதில் நுழைந்தாலும் சிறுவர் நூல் அடுக்கைத்தான் முதலில் பார்க்கிறேன்.

நாகர்கோவில் தம்பி, குரல்பதிவுக்கு மட்டும் இல்லை, நீங்கள் அனுப்பிய பொட்டலங்களுக்கும் நன்றி. இரண்டு முனையும் திறந்தபடி, சணல் கட்டி வந்த புக் போஸ்ட். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்புகளை அப்படித்தான் நான் முதலில் தொட்டேன். என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடையில் உங்கள் அப்பா சில ரூபாய்க்கு வாங்கியவை. உள்ளே அவர் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அவ்வளவு தூரம் நம்பிக் கொடுத்தீர்கள். 2024 டிசம்பரில் அந்தச் சலுகைத் தபால் நின்றுபோன பிறகும் நீங்கள் நிறுத்தவில்லை. ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வருகிறவர், கோயம்புத்தூரில் கல்யாணத்துக்கு வருகிறவர் என்று யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிடுகிறீர்கள்.

இனி எழுத்துக்கு வருகிறேன். நான் கதை எழுதுவேன் என்று நினைத்ததில்லை. மன்னார்குடி ஐயா ஒருநாள் பனியன் கம்பெனியில் செக்கிங் என்றால் என்னதான் செய்வார்கள் என்று கேட்டார். பெண்கள் மேசையைச் சுற்றி நின்று, ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்த்து, தையல் விட்டிருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கி, பிசிறு நூலைச் சின்னக் கத்திரியால் வெட்டுவார்கள் என்று எழுதினேன். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்வதால் கணுக்கால் வீங்குவதையும், கத்திரியின் வளையம் பட்டுக் கட்டைவிரலில் தழும்பு விழுவதையும், விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே பஸ்ஸுக்கு நடப்பதையும் எழுதினேன். “இது கதைம்மா. இதை விட்டுடாதே” என்றார். அதுதான் தொடக்கம்.

அந்தக் கதையை முடித்துக் குழுவில் போட்டபோது ஒரகடத்துத் தம்பி நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் போகும்போது படித்திருக்கிறார். விடிகாலையில் பதில் வந்தது. “அக்கா, அந்தம்மா கத்திரியைக் கீழ வெச்சதுமே எனக்குப் புரிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் அவங்க மனசுல என்ன இருக்குன்னு ஒரு பத்தி எதுக்கு?” நான் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். புத்தகத்தில் கதை கத்திரியோடுதான் முடிகிறது. எழுத்தாளர்கள் நடத்தும் பட்டறைகளில் சொல்லிக்கொடுப்பதை, ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்த ஒரு வாசகர் மூன்று வரியில் சொன்னார். படிக்கிறவரின் பேச்சுக்கு இருக்கும் மதிப்பை நம் இலக்கிய உலகம் இன்னும் சரியாக அறியவில்லை என்றே நினைக்கிறேன்.

கோயம்புத்தூர்த் தங்கச்சி, நம் குழுவில் எல்லாருக்கும் இளையவள் நீ. “எனக்கு இந்தக் கதை பிடிக்கலைக்கா. மாமியார் வர்ற இடத்துல எல்லாம் கத்திக்கிட்டே இருக்காங்க. அவங்களுக்கு வேற வேலை இல்லையா?” என்று கேட்டாய். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனபோது அந்த மாமியார் விடியும் முன்னால் எழுந்து என்ன செய்வார், யாருக்குப் பணம் அனுப்புவார், எந்தச் சேலையை எடுத்து வைத்திருக்கிறார் என்றெல்லாம் வரத் தொடங்கியது. இப்போது தொகுப்பின் முதல் கதை அவருடையதுதான். பிடிக்கவில்லை என்பதை இவ்வளவு அன்பாகச் சொல்ல முடியும் என்பதை உன்னிடம்தான் கற்றேன்.

ஒற்றுப்பிழை பார்த்ததும் ஐயாதான். “அவனுக்கு கோபம்” என்று இருந்தால் நடுவே ஒரு ‘க்’ சிவப்பில் வந்து நிற்கும். “அழகான குழந்தை” என்பதில் நானாக ஒற்றைப் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, பெயரெச்சத்துக்குப் பிறகு வலி மிகாது என்று ஓரத்தில் குறித்திருப்பார். ஆனால் பாத்திரங்கள் பேசும் இடங்களில் கை வைக்கவே இல்லை. “அது உங்க ஊர் வாய். அங்க இலக்கணம் உங்க பாட்டிதான்” என்று எழுதியிருந்தார். 128 பக்கத்தையும் வரி வரியாகப் பார்த்தவர் ஒரு பைசா வாங்கவில்லை. அனுப்பிய வேட்டியையும், “பேரன் கல்யாணத்துக்குக் கட்டிக்கிறேன்” என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார்.

இன்னும் பலர் இருக்கிறீர்கள். அட்டைக்கு நூல்கண்டுப் படம் எடுத்துக் கொடுத்தவர், பதிப்பாளரிடம் முதலில் என்னைப் பற்றிச் சொன்னவர், ஒன்றுமே எழுதாமல் ஒவ்வொரு கதைக்கும் தவறாமல் ஒரு கைகூப்பு மட்டும் போட்டவர். அந்தக் கைகூப்பு வரும் வரை எனக்குத் தூக்கம் வராது என்பது அவருக்குத் தெரியாது.

புத்தகம் அச்சாகி வந்ததும் உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு படி என் செலவில் வரும். மணப்பாறை மதினியும் ஒரகடத்துத் தம்பியும் இன்னும் முகவரி அனுப்பவில்லை. பின்கோடும் போன் நம்பரும் சேர்த்து அனுப்பிவிடுங்கள். டொரண்டோ அண்ணாவுக்கு ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வரும் அவர் மருமகன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அம்மாவுக்கு முதல் கதையை யார் படித்து அனுப்புவது என்பதை மட்டும் நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என் குரலில் வேண்டாம், மதினி குரலில்தான் வேண்டும் என்று இப்போதே சொல்லிவிட்டார்.

அன்புடனும் நன்றியுடனும்,
திருப்பூரிலிருந்து உங்கள் தோழி