இறங்கியதும் கூப்பிடு

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீஸ் அழைப்பு வந்துவிடும், எனக்கும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்ச்சில் டேராடூனிலிருந்து சக்ராதாவுக்குத் தனியாக பைக்கில் போகப் போவதாகச் சொன்னாய். நான் "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அம்மாவிடம் போனைக் கொடுத்தேன். கோபமில்லை கண்ணு. என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. காலேஜில் செகண்ட் இயர் படிக்கும்போது ஒருநாள், கொல்லிமலைக்கு வண்டியில் போய்வருகிறேன் என்று நீ கேட்டாய். நான் ஸ்பிளெண்டர் சாவியை எடுத்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்றுகூடச் சொல்லவில்லை. அடுத்த வருடமே உன் தம்பி அதே வண்டியில் போய்வந்தான். அவனை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தாயே, அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

போன புதன்கிழமை நானே அந்த வண்டியை எடுத்துக்கொண்டு கொல்லிமலைக்குப் போய்வந்தேன். முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டியவனுக்கு மலை ரோடு புதிதில்லை. தொப்பூர், திம்பம், வால்பாறை எல்லாம் லோடோடு ஏறி இறங்கியிருக்கிறேன். ஆனால் மலையில் டூவீலர் ஓட்டியது கிடையாது. உன்னைப் போ என்று சொல்வதற்கோ போகாதே என்று சொல்வதற்கோ முன்னால், நீ ஆசைப்படுவது என்ன என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

விடிகாலை அஞ்சரைக்குக் கிளம்பினேன். அம்மா மப்ளரைக் கழுத்தில் சுற்றிவிட்டு, புளிசோற்றுப் பொட்டலத்தைப் பையில் வைத்தாள். "போயிட்டு வந்து புள்ளைகிட்ட வேண்டாம்னு சொல்லத்தானே போறீங்க?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

சேந்தமங்கலத்தில் ஒரு டீ. காளப்பநாயக்கன்பட்டி தாண்டும்போது மலை கருப்பாக எதிரே நின்றது. காரவல்லி அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, இரண்டு டயரிலும் காற்றை அமுக்கிப் பார்த்தேன், பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். லாரிக்காரன் பழக்கம், போகாது. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவு. ஆடிப் பதினெட்டுக்கு வல்வில் ஓரி விழா பார்க்க பஸ்ஸில் கூட்டிப்போனபோது, என் மடியில் உட்கார்ந்து ஒவ்வொரு வளைவுப் பலகையையும் நீ சத்தமாகப் படித்தது ஞாபகம் இருக்கிறதா? முன் சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். எழுபதையும் தூங்காமல் எண்ணி முடித்தாய். உனக்கு அப்போது ஆறு வயது. வண்டியில் போக வேண்டும் என்ற ஆசை அன்றைக்கே உள்ளே விழுந்திருக்க வேண்டும். எனக்குத்தான் அது இத்தனை வருடம் தெரியவில்லை.

முதல் பத்து வளைவு எனக்குச் சரியாகவே வரவில்லை. லாரியில் வளைவை உடம்பால் ஓட்ட மாட்டோம். ஸ்டீயரிங்கை ஒடித்து, கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்த்து, முழு ரோட்டையும் எடுத்துத் திருப்புவோம். பைக்கில் அந்தப் புத்தி உதவவில்லை. இடது பக்கம் திரும்பும் வளைவில் உள்ஓரம் செங்குத்தாக இருக்கிறது. ஓரத்தை ஒட்டிப் போனதால் நாலாவது வளைவிலேயே இஞ்சின் நின்றுபோனது. பின்னால் வந்த பால் வண்டிக்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். அப்புறம்தான் பிடிபட்டது. வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், வளைவுக்குள் போய்க் கிளட்ச்சைத் தொடக் கூடாது. ஓரத்தை விட்டு, நம் பக்கத்திலேயே கொஞ்சம் அகலமாக நுழைய வேண்டும். கண் முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, வளைவு முடிந்து ரோடு மேலே ஏறுகிற இடத்தில் இருக்க வேண்டும். ஜல்லி கிடக்கிறதே என்று ஜல்லியைப் பார்த்தால் வண்டி நேராக ஜல்லிக்குத்தான் போகிறது. மேலே பார்த்தேன், மேலே போனது. இது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். எனக்கு அறுபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது.

இருபதாவது வளைவுக்கு மேல் காற்று மாறியது. கீழே முள்ளும் காய்ந்த புல்லுமாக இருந்த மலை, மெல்ல மெல்லப் பச்சையானது. லாரி கேபினுக்குள் இருந்தால் டீசல் வாசமும் இஞ்சின் சூடும்தான். வண்டியில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாசம் வருகிறது பாப்பா. ஈர இலை, எங்கோ எரியும் விறகு, குரங்கு உரித்துப் போட்ட பழத்தோல். நிழல் வளைவில் நுழைந்தால் முழங்கால் சில்லிடுகிறது, வெயில் வளைவில் நுழைந்தால் முதுகில் இதமாக ஏறுகிறது. அத்தனை மலை ஏறியும் எனக்கு மலையின் குளிர் தெரிந்ததில்லை. ஐம்பதுக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் நிறுத்திக் கீழே பார்த்தேன். வந்த ரோடு அடுக்கடுக்காக மடிந்து கிடந்தது. நான் அழுதேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. உனக்கு இதைத்தான் நான் பூட்டி வைத்தேன்.

செம்மேட்டில் ஓரி சிலைப் பக்கம் இன்னொரு டீ. ஓரி விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு வரை துளைத்துப் போனது என்று புறநானூற்றில் இருக்கும் கதையை அப்போது உனக்குச் சொன்னபோது, "அம்பைத் திரும்ப யார் எடுத்துக்கிட்டு வந்தா?" என்று கேட்டாய். அதற்கும் அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அறப்பளீஸ்வரர் கோயில் பக்கம் போகும் வழியில் ஒரு மண் ரோடு பிரிந்தது. உனக்கு அங்கே மண் ரோடும் வரும் என்று சொன்னாயே என்று நானும் திரும்பினேன். இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரம், மரத்துக்கு மரம் மிளகுக்கொடி. தை மாதம் மிளகு பறிப்பு. ஏணி சாத்தி ஆட்கள் சரம் சரமாகப் பறித்துக்கொண்டிருந்தார்கள். மண் ரோடு கொஞ்ச தூரத்தில் இறக்கமானது. டிராக்டர் போய்ப்போய் இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தில் மாவு மாதிரி செம்மண் புழுதி. பயத்தில் முன் பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் சுற்றாமல் வழுக்கியது, நான் கீழே கிடந்தேன். நடந்து போகிற வேகம்தான். முழங்கையில் தோல் வழித்துக்கொண்டது. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

பக்கத்து வீட்டு வாசலில் பாயில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா ஓடி வந்தார். வண்டியைத் தூக்க அவரும் கை கொடுத்தார். திண்ணையில் உட்கார வைத்துக் கருப்பட்டி போட்ட காபி கொடுத்தார். அவர்கள் தோட்டத்துக் காபிதான். அந்தப் பாயை நான் வெகுநேரம் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நேற்றுப் பறித்தது பச்சையாக உருண்டை உருண்டையாக இருந்தது. நடுவில் இருந்தது பழுப்பு. மறு ஓரத்தில் நாலைந்து நாள் வெயில் வாங்கியது சுருங்கிக் கருத்து, கையில் எடுத்தால் கலகலவென்றது. முன்பெல்லாம் அந்த மேட்டில் சாமையும் தினையும்தான் போடுவார்களாம். இப்போது கீழே ஜவ்வரிசி மில்லுக்குப் போகிற மரவள்ளி பாதி நிலத்தைப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு மட்டும் கொஞ்சம் சாமை வைத்திருக்கிறார்கள். பெரியம்மா கல்யாணமாகி வந்தபோது இந்த மண் ரோடும் கிடையாது, முடியாதவர்களைத் தொட்டில் கட்டித் தூக்கிப் போவார்களாம்.

பேசிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஒரு எக்ஸ்எல் மொபெட் வந்தது. ஓட்டி வந்தது அவருடைய பேத்தி, இருபது வயசு இருக்கும். காலுக்கு நடுவில் ரேஷன் அரிசி மூட்டை. நான் விழுந்த அதே இறக்கத்தில் அந்தப் பெண் இறங்கியதை நான் வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். இரண்டு பள்ளத்துக்கும் நடுவே கெட்டியாக மேடு நின்றதே, அதன் மேலேயே வந்தாள். சீட்டிலிருந்து லேசாக எழும்பி, கையைத் தளர்வாக வைத்து, பின் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுத் தொட்டாள். ஹேண்டில்பார் கையில் ஆடியது, அவள் அதை ஆடவிட்டாள். நான் இறுக்கிப் பிடித்துத்தான் விழுந்தேன்.

"தினமும் இந்த ரோட்டில்தானா போறே சாமி?" என்று கேட்டேன்.

"வேற ரோடு ஏதுங்க?" என்றாள்.

திரும்பும்போது அவளே தார் ரோடு வரை முன்னால் போனாள். அவளுடைய டயர்த் தடத்திலேயே நான் என் டயரை வைத்துப் பின்னால் போனேன். வழியெல்லாம் உன் நினைப்புத்தான்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி.

ஏறும்போது விழுந்தால் பெரும்பாலும் வண்டி நின்றுதான் விழும். இறக்கம் அப்படியில்லை. 1998-இல் தொப்பூர் கணவாயில் எனக்கு முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. தர்மபுரிப் பக்கமிருந்து சேலம் இறங்கும் வழி அது. டீசல் மிச்சம் என்று அதன் டிரைவர் நியூட்ரலில் விட்டிருந்தார். நியூட்ரலில் விட்டால் வண்டியை இஞ்சின் பிடிக்காது, மொத்த லோடும் பிரேக்கில் உட்காரும். மிதிக்க மிதிக்க பிரேக் டிரம் சூடேறி, உள்ளே இருக்கும் லைனர் பிடிக்காமல் போகும், விட்டுவிட்டு மிதித்தால் ஏர் பிரேக்கின் காற்றும் இறங்கிவிடும். பின்னால் வந்த எனக்கு முதலில் லைனர் கருகும் வாசம்தான் வந்தது. அப்புறம் அவருடைய ஹாரன், நிற்காமல். நான் போய் இறங்கியபோது கிளீனர் பையன் பாறை ஓரத்தில் கிடந்தான். பதினேழு வயசு. என் மடியில்தான் அவன் தலை இருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. உன்னிடம் சாவியைப் பூட்டிய அன்றைக்கு எனக்குள் இருந்தது அந்தப் பையன். உன் தம்பி போனபோதும் அதே பயம்தான், ஆனால் ஆம்பளைப் பையனைத் தடுக்க எனக்கு வாய் வரவில்லை. அது தப்பு. அப்பாவை மன்னித்துக்கொள்.

அதனால் கொல்லிமலையிலிருந்து மூன்று மணிக்கே இறங்க ஆரம்பித்தேன். ஏறின கியரிலேயே இறங்கினேன், இரண்டாவது, நெருக்கமான வளைவில் ஒன்று. கிளட்ச்சை அழுத்திக்கொண்டு உருளவிடவே இல்லை, அதுவும் நியூட்ரல் மாதிரிதான். பிரேக்கை அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, அப்புறம் முழுசாக விட்டேன். அப்படியும் பாதி மலையில் லேசாக வாசம் வந்தது. நிறுத்திப் பின் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் அனல். கால் மணி நேரம் உட்கார்ந்து மிச்சப் புளிசோற்றைத் தின்றேன். சூடாக இருக்கும் டிரம்மில் தண்ணீர் ஊற்றிவிடாதே, விரிசல் விடும், தானாக ஆறட்டும். உன் வண்டி டிஸ்க் பிரேக், டிரம்மை விடச் சீக்கிரம் ஆறும், ஆனாலும் சூடாகாது என்று நினைத்துவிடாதே. கீழிருந்து பஸ் வந்தால், ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, அது சட்டம். வளைவுக்குள் போய் நிற்காமல் முன்னாலேயே ஓரம் கட்டி நில். பஸ்ஸின் மூக்கு போனதும் நகர்ந்துவிடாதே, வால் வீசும்.

உன் ஊர் மலை வேறு. நான் டேராடூன் வரை லோடு கொண்டுவந்திருக்கிறேன், மலை அடிவாரத்துக் கால்சிக்கு மேலே போனதில்லை. சக்ராதா ஏழாயிரம் அடி, கொல்லிமலையை விட நன்றாக உயரம். மார்ச்சிலும் வெயில் படாத வளைவில் காலையில் ரோடு உறைந்திருக்கலாம், ஈரம் மாதிரிதான் தெரியும். ஒன்பது மணிக்கு முன் மேலே ஏறாதே. மேலிருந்து ரோட்டில் புதுக்கல் உருண்டு கிடந்தால் அங்கே நின்று போட்டோ எடுக்காதே. கல் வந்த வழியில் இன்னொரு கல் வரும்.

அந்தப் பெரியம்மாவிடம் அரைக்கிலோ மிளகு வாங்கினேன். அம்மா உனக்குப் பார்சல் போட்டிருக்கிறாள், கூடவே சாமை ஒரு கிலோ. பழைய கையுறை ஒன்றும் வைத்திருக்கிறேன், நான் வடக்கே போகும்போது போட்டது. உன் கைக்குப் பெரிதாக இருந்தால் உள்ளே இன்னொன்று போட்டுக்கொள்.

ஸ்பிளெண்டர் சாவி இப்போது பீரோவில் இல்லை, வாசல் நிலைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். நீ ஊருக்கு வரும்போது உன் தம்பியின் வண்டியை நான் எடுத்துக்கொள்கிறேன், இதை நீ எடு. முதல் வளைவிலிருந்து நீ முன்னால் போ.

சக்ராதா போய்ச் சேர்ந்ததும் கூப்பிட வேண்டாம். இறங்கி, கால்சி தாண்டி, வண்டியைச் சைடு ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கூப்பிடு. எத்தனை மணியானாலும் முழித்திருப்பேன்.

அப்பா