சர்ச்சிலில் ஏன் காரைப் பூட்டுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற மாத இதழில் வந்த வெண்கரடிப் பயணக் கட்டுரையைச் சந்தோஷமாகத்தான் வாசிக்கத் தொடங்கினேன். கனடாவின் மனிற்றோபா மாகாணத்தின் வடகோடியில், ஹட்சன் விரிகுடாக் கரையில் இருக்கும் அந்தச் சர்ச்சிலில் நான் நாலு வருஷம் வேலை செய்தவன். ஆனால் மூன்றாம் பக்கத்தில் 'காரைக்கூடப் பூட்டத் தெரியாத வெள்ளந்தி ஜனங்கள்' என்று ஒரு வரி. அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை. ஐயா, தெருவில் போகிற ஒருவரைக் கரடி துரத்தினால் பக்கத்தில் நிற்கும் காரில் ஏறிக்கொள்ளட்டும் என்றுதான் அங்கே காரைப் பூட்டாமல் விடுகிறார்கள். அது யாருடைய கார் என்ற கேள்வியே இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம் இது. உங்கள் கட்டுரையாளர் அங்கே மூன்று நாள் இருந்திருக்கிறார், ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

அப்படிப் பூட்டாத ஒரு வண்டியால் உயிர் பிழைத்தவன் நான், அதனால்தான் இவ்வளவு கோபம். ஒரு விடுதிச் சமையலறையில் வேலை. நவம்பர் தொடக்கம், இன்னும் விடியவில்லை. குப்பைப் பையோடு பின்கதவால் வெளியே வந்தேன். பின்பக்க விளக்கு எரியவில்லை, அதை மாற்றச் சொல்லி முதலாளியிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன், அது வேறு கதை. தொட்டிக்குப் பக்கத்தில் பனிக்குவியல் என்று நினைத்தது தலையைத் தூக்கியது. முதலில் தெரிந்தது அதன் மூச்சுப் புகைதான். ஓடக் கூடாது என்று சொல்லித் தந்திருந்தார்கள், ஆனாலும் ஓடினேன். பக்கத்து வீட்டுப் பிக்கப்பின் கதவை இழுத்தேன், திறந்தது. உள்ளே நாய் வாசம், இருக்கையில் ஒரு குழந்தையின் ஒற்றைக் கையுறை. கரடி முன்கால்களைத் தூக்கி வைத்ததும் வண்டியின் முன்பக்கம் அப்படியே அமுங்கியது. கண்ணாடியில் மூக்கை வைத்து ஊதியது, அந்த ஈரம் நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உறைந்து வெள்ளையாகிவிட்டது. ரோந்துக்காரர்கள் வந்து வெடி போட்டு விரட்டும்வரை அந்தக் கையுறையைக் கையில் பிடித்தபடி இருந்தேன். கதவு பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கட்டுரையாளர் கொஞ்சம் யோசிக்கட்டும்.

'ஊர்க்காரர்களின் பயம் சற்று மிகை' என்றும் எழுதியிருக்கிறார். ஆண் கரடி ஒன்று ஐந்நூறு கிலோ வரும். கடல் உறைந்திருந்தால்தான் அதற்குச் சீல் என்ற கடல் விலங்கின் வேட்டை. கோடையில் பனி உருகியதும் கரைக்கு வந்துவிடும், நவம்பரில் விரிகுடா மறுபடி உறையும்வரை பெரும்பாலும் பட்டினிதான். அந்தப் பசியோடு அது காத்திருக்கும் கரையில்தான் ஏறத்தாழ 900 பேர் வாழ்கிறார்கள். 1983இல் தீப்பிடித்த ஒரு ஹோட்டலிலிருந்து இறைச்சியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்த ஒருவரை நடுத்தெருவில் கரடி கொன்றது. ஹாலோவீன் இரவில் பிள்ளைகள் மிட்டாய் வாங்க வீடு வீடாகப் போவதற்காக ஊரைச் சுற்றிக் காவல் வண்டிகள் நிற்கும். என் சகோதரி மகள் ஸ்கார்பரோவில் அதே இரவில் வெறும் கைவிளக்கோடு போய் வருகிறாள்.

ஊருக்கு வரும் கரடிகளைப் பிடித்து அடைத்து வைக்கும் 'கரடிச் சிறை'யைப் பார்த்து அவர் மனம் கசிந்திருக்கிறார். எனக்கும் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் சாப்பாடு கொடுக்காமல் தண்ணீர் மட்டும் கொடுப்பது கொடுமைக்காக இல்லை, ஊரையும் சாப்பாட்டையும் அது சேர்த்து நினைக்கக் கூடாது என்பதற்காக. அப்புறம் ஹெலிகாப்டரில் தூக்கி வடக்கே கொண்டுபோய் விடுகிறார்கள். முன்பெல்லாம் ஊருக்கு வந்த கரடியைச் சுட்டுத்தான் தள்ளினார்கள். கரடிகள் தீனி தேடி வந்த திறந்தவெளிக் குப்பைமேட்டையும் 2005இல் மூடினார்கள். மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகள் 2016இல் 842 என்று மதிப்பிடப்பட்டவை 2021இல் 618 ஆகிவிட்டன. அந்தக் கவலை உங்கள் கட்டுரையாளரைவிட அந்த ஊர்க்காரர்களுக்கு அதிகம் உண்டு. கரடி இல்லாவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பும் இல்லை.

இது ஒரு கட்டுரையோடு போகிற விஷயமாக இருந்தால் எழுதியே இருக்க மாட்டேன். 2023 ஜனவரியில் அலாஸ்காவின் வேல்ஸ் என்ற கரையோரக் கிராமத்தில், பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், ஓர் இளம் தாயையும் அவருடைய ஒரு வயது மகனையும் வெண்கரடி கொன்றது. அந்தச் செய்தியை நீங்கள் போட்டது 'விநோதம்' பகுதியில், இரட்டைத்தலைப் பாம்புக்குக் கீழே. அன்றே கடிதம் எழுதினேன், பிரசுரமாகவில்லை. அதற்கு முந்திய வருஷம் சிறுவர் பக்கத்தில் வெண்கரடியையும் பென்குவினையும் ஒரே பனிக்கட்டியில் உட்கார வைத்திருந்தீர்கள். ஒன்று வடதுருவம், மற்றது தென்பக்கம் என்று தொலைபேசியில் சொன்னதற்கு 'குழந்தைகளுக்குத்தானே' என்றார்கள். வடதுருவப் பக்கத்துப் பூர்வகுடிகளான இனுயிட் மக்களை இன்னும் 'எஸ்கிமோ' என்றுதான் அச்சடிக்கிறீர்கள், அந்தப் பெயர் அவர்களுக்குப் பிடிக்காது என்று எத்தனை பேர் சொல்லியாயிற்று. வன்னியில் யானை வந்து ஒரு தாயையும் பிள்ளையையும் மிதித்தால் அதையும் விநோதத்தில் போடுவீர்களா? போட மாட்டீர்கள், அவர்கள் நம் சனம். பன்னிரண்டு வருஷமாகச் சந்தா கட்டுகிற நான் இதைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் கட்டுரையைப் பார்த்துவிட்டு இந்த ஒக்டோபரில் நம் ஆட்கள் சிலர் கட்டாயம் போவார்கள். அடுத்த இதழில் இரண்டு வரி போடுங்கள்: அங்கே வண்டி எடுத்தால் கதவைப் பூட்டாதீர்கள், அது உங்களுக்காக மட்டும் இல்லை. முதல் பக்கத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வந்தால் போதும்.

இப்படிக்கு,
முன்பு சர்ச்சிலில் இருந்த ஒரு வாசகர்,
ஸ்கார்பரோ