செந்நாய் பின்னால் போன வாத்தியார்

அன்புள்ள கயல்,

வேலையை விட்டுவிட்டு வனவிலங்கு ஆராய்ச்சிக்குப் போகட்டுமா, முப்பது வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்டிருந்தாய். படித்ததும் எனக்கு வனவிலங்கு ஆராய்ச்சியாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் ஞாபகம்தான் வந்தது.

நம்ம நாங்குநேரிக்காரர். 1945-இல் பிறந்தவர். சின்ன வயதில் ஜிம் கார்பெட்டின் புலி வேட்டைக் கதைகளைப் படித்துக் காட்டின் மேல் பித்துப் பிடித்தவர். ஆனால் முதலில் பார்த்த உத்தியோகம் சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துவது. அப்படி வாத்தியாராக இருந்தவர்தான் 1976-இல் கர்நாடகத்துப் பந்திப்பூர்க் காட்டுக்குள் இறங்கினார். அப்போது அவருக்கும் உன் வயதுதான் இருக்கும்.

எடுத்துக்கொண்டது புலியும் இல்லை, யானையும் இல்லை, செந்நாய். கொன்றால் அரசாங்கமே பணம் கொடுத்த மிருகம் அம்மா அது! 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துதான் அதற்குப் பாதுகாப்பு கிடைத்தது.

மிருகம் எங்கே இருக்கிறது என்று காட்ட அதன் கழுத்தில் மாட்டுகிற ரேடியோ காலர் கிடையாது, நடைதான். செந்நாய்கள் விசிலடிக்கிற மாதிரிக் குரல் கொடுத்து ஒன்றையொன்று தேடிக்கொள்ளும். அதற்குக் காது பழக வேண்டும். எச்சத்தைப் பொறுக்கி, கழுவி, அதிலிருக்கும் மயிரை வைத்து என்ன தின்றது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் புள்ளிமான். ஊரே கொடூரம் என்று சொன்ன அந்த மிருகம், வேட்டை முடிந்து வந்து தின்ற கறியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும். தாய் மட்டுமில்லை, கூட்டத்திலுள்ள மற்றவையும்தான். இதையெல்லாம் பொறுமையாக இருந்து பார்த்து எழுதினாரே, எனக்கு அதுதான் பெரிசு. காட்டில் திரியும் பெரிய பாலூட்டி ஒன்றை முறையாக ஆராய்ந்த முதல் இந்தியர் என்று அவரைச் சொல்கிறார்கள்.

அப்புறம் 1985-இல் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனத்தில் சேர்ந்தார். மாணவர்களையும் வனத்துறை அதிகாரிகளையும் காட்டில் நடக்கவிட்டே பாடம் சொன்னார். 2005-இல் ஓய்வு பெற்ற பிறகும் நடையை நிறுத்தவில்லை. 2024 ஜூனில் காலமானார்.

சம்பளம் குறையும் என்பதில் எனக்கும் கவலை உண்டு, மறைக்கவில்லை. வயதை மட்டும் காரணம் சொல்லாதே. மனு போட வேண்டிய கடைசித் தேதி என்றைக்கு என்று எழுது. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா