பெரியவர் கேட்ட கேள்வி

அன்புள்ள நண்பா,

நலம்தானே? உன் இரண்டு மெயிலுக்கும் பதில் போடவில்லை. கோபம் இருக்கும், இதைப் படித்துவிட்டுக் கோபப்படு. வீட்டில் எல்லோரும் சுகம், முட்டிவலி பரவாயில்லை. தலைவர் போன மாதம் ஓய்வு பெற்றார், கடைசி நாள் விருந்திலும் "இன்னும் ஒரே ஒரு சிலைடு" சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் என் காலை மிதித்திருப்பாய்.

எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் புதன்கிழமை நடந்த தீத்தடுப்புப் பயிற்சி. அன்றிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது, உன்னிடம் சொல்லாமல் தீராது.

முதலில் போன முறை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது கைப்பேசி வினாடி வினாவாக வைத்தேன். திரையில் கேள்வி, இருபது வினாடி, பின்னணியில் இசை, எவ்வளவு வேகமாக அழுத்துகிறார்களோ அவ்வளவு மதிப்பெண். கடைசி வினாடியில் அழுத்தினால் விடை சரியாக இருந்தாலும் பாதிதான் கிடைக்கும். முதல் ஐந்து நிமிடம் அறையே அதிர்ந்தது, எனக்கும் பெருமை தாங்கவில்லை. நாலாவது கேள்விக்குள் முன்வரிசைப் பையன்கள் மூன்று பேர் மட்டும் பட்டியலில் மாறி மாறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள், மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். ஸ்டோர் பார்க்கும் பெரியவர் ஒருவர் பின்வரிசையில் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கைப்பேசியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், மறுபடி கண்ணாடியை இறக்கி, திரையில் இருந்ததை உதடு அசைய வாசிப்பார். வாசித்து முடிப்பதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடும். மூன்று கேள்விக்கு இப்படிப் பார்த்தேன். நான்காவது கேள்விக்கு அவர் நிமிரவே இல்லை.

நேர மதிப்பெண்ணை நிறுத்தி வைக்க அந்தச் செயலியிலேயே வழி இருக்கிறது. கஹூட், மென்டிமீட்டர் என்று எந்த வினாடி வினாச் செயலியை எடுத்தாலும் இதையெல்லாம் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். நான்தான் பார்க்கவில்லை. தப்பு என்னுடையது.

அதற்கப்புறம் கொஞ்சம் படித்தேன். ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991 முதல் வகுப்பை வேறு மாதிரி நடத்தியிருக்கிறார். ஒரு கேள்வி கேட்பார், ஒவ்வொருவரும் யாரையும் கேட்காமல் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு பக்கத்திலிருப்பவரிடம் தன் விடைக்குக் காரணம் சொல்லி வாதாட வேண்டும், அப்புறம் அதே கேள்விக்கு மறுபடி விடை. ஏறக்குறைய எல்லோரும் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்ததுக்குப் போய்விடுவார், மிகச் சிலர்தான் சரி என்றால் பாடத்தைத் திரும்ப எடுப்பார். பாதிப் பேர் தடுமாறுகிற கேள்விதான் நல்ல கேள்வி. நாம் என்ன செய்கிறோம்? எல்லோருக்கும் தெரிந்ததைக் கேட்டுக் கைதட்டு வாங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் செய்த ஆய்வு. ஒரு குழு ஒரு பத்தியை நான்கு முறை படித்தது, இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு மூன்று முறை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். பயிற்சி முடிந்த கையோடு கருத்துப் படிவம் வாங்குகிறோமே, அந்த ஐந்து நிமிடத்தில் நாம் எப்போதும் ஜெயிப்போம். தீ அந்த ஐந்து நிமிடத்தில் பிடிப்பதில்லை.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன். கைப்பேசி வேண்டாம் என்று முடிவு செய்து, ஆளுக்கு நான்கு நிற அட்டை கொடுத்தேன். யாரும் யாருடைய அட்டையையும் பார்க்கக் கூடாது, நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து நான் சொன்னதும் திருப்பிக் காட்ட வேண்டும். ஒரு சிலைடுகூட ஓட்டுவதற்கு முன்னால் முதல் கேள்வி: "மின்பேனலில் தீ. அலாரம் அடித்தாயிற்று. அடுத்து என்ன செய்வீர்கள்?" தண்ணீர், மணல், கரியமில வாயு தீயணைப்பான், மின்சாரத்தைத் துண்டிப்பது. ஒரு நிமிடம் முழுதாகக் கொடுத்தேன். அந்த ஒரு நிமிட அமைதி எவ்வளவு கனம் தெரியுமா? வாயைத் திறக்காமல் நிற்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

பாதிப் பேர் தீயணைப்பான், மீதிப் பேரில் பெரும்பாலோர் மின்சாரம். பக்கத்தில் பேசிக்கொள்ளுங்கள் என்றேன். சத்தம் கிளம்பியது பார், சண்டை மாதிரி. இரண்டாவது முறை அட்டைகளில் பெரும்பாலும் மின்சாரம்தான், நான் நினைத்த விடையும் அதுதான். "சரி" என்று அடுத்த சிலைடுக்குப் போகக் கை வைத்தேன். பின்வரிசையில் பெரியவர் எழுந்தார்.

"சார், பேனலே எரியுது. சுவிட்சு அதுக்குள்ளதான் இருக்கு. எங்க போயி நிறுத்துறது?"

என்னிடம் பதில் இல்லை. அறையில் இருந்த இருபத்தாறு பேரில் ஒருவரிடமும் இல்லை. பேனலுக்கு முந்தைய மெயின் எங்கே இருக்கிறது என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டு, மடிக்கணினியை மூடிவிட்டு எல்லோரும் கீழே போனோம். மெயினுக்கு முன்னால் அட்டைப்பெட்டிகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. பெரியவர் மெதுவாகச் சொன்னார், "இதத்தான் ரெண்டு வருஷமா கேக்கணும்னு இருந்தேன் சார்."

சாயங்காலத்துக்குள் பெட்டிகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. போன முறையும் அவர் அதே அறையில்தான் இருந்தார். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இருந்தார். நான் அவருக்கு இருபது வினாடி கொடுத்தேன்.

அடுத்த மாதம் உன் வகுப்பு வருகிறது, அதனால் சொல்கிறேன். ஐந்து வரிசை, ஐந்து தலைப்பு என்று பவர்பாயிண்டில் பெட்டிப் பலகை செய்கிறாயாமே, அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964இல் தொடங்கிய ஜெப்பர்டி என்ற வினாடி வினா நிகழ்ச்சியின் பாணியில். செய், நல்ல விளையாட்டுதான். ஒவ்வொரு பெட்டிக்கும் அதன் கேள்வி சிலைடுக்கு லிங்க் கொடு, கேள்வி சிலைடிலிருந்து பலகைக்குத் திரும்ப ஒரு பட்டன் வை. முக்கியமாக டிரான்சிஷன்ஸ் பக்கத்தில் 'ஆன் மவுஸ் கிளிக்' டிக்கை எல்லா சிலைடிலும் எடுத்துவிடு, இல்லையென்றால் பெட்டிக்கு வெளியே கை பட்டதும் அடுத்த சிலைடு வந்து விடை வெளியே தெரிந்துவிடும். தனி ஆள் போட்டி வேண்டாம், நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரி, இளசுகளையும் அனுபவஸ்தர்களையும் கலந்து உட்கார வை. குழுவுக்கு ஒரே அட்டை என்றால் பேசாமல் முடிவெடுக்க முடியாது. தப்பான விடை வந்தால் தாண்டிப் போகாதே, "ஏன் அப்படித் தோணுச்சு?" என்று கேள், அதற்கு நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் கேள்விகளின் எண்ணிக்கையை முடிவு செய். இருபத்தைந்து கேள்விக்கு நேரம் இருக்காது. எட்டு போதும்.

உன்னுடைய அறுபது சிலைடில் இருபதைத் தூக்கினால்தான் இதற்கு இடம் கிடைக்கும். தூக்க மாட்டாய், எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் எனக்கு அனுப்பு, நான் தூக்கித் தருகிறேன். அப்புறம் உன் வகுப்பில் பின்வரிசையில் உட்காரும் அந்தத் தொப்பிக்காரர் இன்னும் வருகிறாரா? அவர் இதுவரை எதையாவது கேட்டிருக்கிறாரா என்று எழுது.

அன்புடன்,
உன் மூன்றாம் பெஞ்சு