பெகு வீடுகளும் சகாயிங் பிளவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 மார்ச் 28 மியான்மர் நிலநடுக்கத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரில் பலர், "அது மாண்டலே விவகாரம்" என்கிறார்கள். பெகுவில் மேஸ்திரி வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், நம் விவகாரமும்தான். நிலநடுக்கம் கிளம்பிய சகாயிங் பிளவு, அதாவது பூமிப் பாறை உடைந்து இரு பக்கமும் நழுவும் நீண்ட கோடு, மாண்டலேயோடு நிற்பதில்லை. நேப்பிடோ, பியூ வழியாகப் பெகு வரை தெற்கே ஓடுகிறது. அதன் இரு பக்கமும் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் எதிரெதிராக நகரப் பார்க்கின்றன. உராய்வில் சிக்கிப் பல்லாண்டு சேர்ந்த இழுவிசை ஒரே நாளில் விடுபடுகிறது. 2025இல் அது 7.7 அளவில் விடுபட்டபோது, தரை பக்கவாட்டில் நழுவுவது தாஸி ஊர்ப் பக்கம் ஒரு கண்காணிப்பு கேமராவிலேயே பதிவாகிவிட்டது. பிளவின் எங்கள் ஊர்ப் பகுதி பெரிதாக உடைந்தது 1930 மே 5இல். எங்கள் ஊர் ஷ்வேமாடோ பகோடா (புத்தர் கோயில் கோபுரம்) அன்று விழுந்ததுதான்.

சரி, நம் கட்டடங்களுக்கு வருகிறேன். தூண் கம்பியைச் சுற்றும் ரிங்கை, உத்தரம் சேரும் இடத்திலாவது நாலு அங்குலத்துக்கு ஒன்று கட்டலாம் என்றால், எட்டுக்கு ஒன்று போதும் என்கிறார் வீட்டுக்காரர். (டைல்ஸுக்கு மட்டும் பேரம் கிடையாது!) ரிங் முனையைத் தூணின் உள்பக்கம் நன்றாக மடக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆட்டத்தில் பிரிந்துகொள்ளும். கடை வைப்பதற்காகக் கீழ்த்தளச் சுவர்களை எடுத்துவிட்டு மேலே மாடி ஏற்றுவது இதைவிட மோசம்.

நம் ஊர்க் கோயில் திருப்பணிக் குழுவினர் மண்டப வேலை தொடங்குமுன் ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் வரைபடத்தைக் காட்டட்டும். கான்கிரீட் போடுவதற்கு முதல் நாள் கூப்பிட்டால் ரிங் கட்டியதைப் பார்த்துச் சொல்ல நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி, பெகு