ஞாயிறு பார்க்கிங் ஜாயின்ட் வேலை, வண்டிய எடுத்துடுங்க

வணக்கம், நம்ம அல்சூர் பில்டிங் பார்க்கிங் கான்கிரீட் ஜாயின்ட்ல, அதாவது பலகைங்களுக்கு நடுவுல இருக்க இடைவெளில, புல்லும் பார்த்தீனியமும் மறுபடி மொளைச்சிருச்சு, போன வருஷம் மேஸ்திரி பூசின சிமெண்ட் பூரா பேந்துருச்சு, ஏன்னா கான்கிரீட் வெயில்ல விரியும் ராத்திரி சுருங்கும், சிமெண்ட் அதுக்கு ஈடு கொடுக்காது. இந்த தடவ பாலியூரித்தேன் சீலன்ட், இடைவெளிய அடைக்கிற பசை, ரப்பர் மாதிரி இழுபடும்.

முதல்ல மண்ணையும் வேரையும் பழைய ஸ்க்ரூடிரைவர் வச்சு தோண்டி சுத்தமா பெருக்கணும். நேத்து ஒண்ணு புடுங்கினேன், மேல நாலு இலைதான், வேர் என் முழங்கை நீளம்! பார்த்தீனியத்த வெறுங்கையால தொடாதீங்க, அரிப்பு வரும், க்ளவுஸ் கொண்டாங்க.

அரை இஞ்ச் ஜாயின்ட்னா அதவிட கொஞ்சம் தடியான ஃபோம் கயிறு, கடையில பேக்கர் ராட்னு கேட்டா தருவாங்க, அத உள்ள அழுத்திட்டு மேல கால் இஞ்ச் சீலன்ட் போதும், அடி வரைக்கும் ரொப்பினா காசும் வேஸ்ட் சீக்கிரம் கிழிஞ்சும் போகும். ஈரத்துல ஒட்டாது, அதனால ஜூன் மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்.

கிரவுண்ட் ஃப்ளோர் மாமி உப்பு தூவ சொன்னாங்க, வேணாம் மாமி, உள்ள இருக்க கம்பி துரு புடிக்கும்.

ஞாயிறு காலை 7 மணி, திங்க சாயங்காலம் வரைக்கும் வண்டி ரோட்லயே நிக்கட்டும்.