பாசிப் பெட்டியில் சில திருத்தங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நுண்ணுயிர்கள் பற்றிய கட்டுரையோடு, போட்டித் தேர்வு எழுதுவோருக்கென்று ஒரு பெட்டிச் செய்தியும் போட்டிருந்தீர்கள். பச்சையம் இருந்தால் பாசி, இரை தின்றால் புரோட்டோசோவா என்று அதில் இரண்டே கட்டங்கள். மனப்பாடம் செய்ய வசதிதான். ஆனால் 1969-இல் அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்த ஐந்துலகப் பாகுபாட்டைத் தந்தபோதே, யூக்ளினா, அமீபா என்ற ஒற்றைச் செல் உயிர்கள் இரண்டும் புரோட்டிஸ்டா என்ற ஒரே உலகத்துக்குள் வந்துவிட்டன. டி.என்.ஏ. ஒப்பீடு வந்தபின் அந்த உலகமும் பல கிளைகளாகப் பிரிந்துபோயிற்று.

யூக்ளினாவையே எடுத்துக்கொள்வோம். வெளிச்சத்தில் வைத்தால் பச்சை. சத்துள்ள ஊடகத்தில் விட்டுச் சில வாரம் இருட்டில் வைத்தால் வெளுத்துவிடும். வெளியே எடுத்தால் மறுபடி பச்சை பிடிக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைக் கொடுத்து வெளுக்க வைத்தாலோ, பச்சையம் இருக்கும் உறுப்பான பசுங்கணிகத்தை அடியோடு இழந்தபடியே தலைமுறை தலைமுறையாகப் பெருகும். உங்கள் பெட்டியின்படி அது எந்தக் கட்டம்? அதன் பசுங்கணிகத்தைச் சுற்றி மூன்று சவ்வுகள் இருக்கின்றன. எப்போதோ ஒரு பச்சைப்பாசியை விழுங்கிச் செரிக்காமல் வைத்துக்கொண்டதன் தடயம் அது. பச்சை நிறம் இரவல் சரக்கு. உண்மையான பங்காளிகள் தூக்கநோய் தரும் டிரிப்பனோசோமாவும் காலா அசார் என்ற கருங்காய்ச்சல் தரும் லீஷ்மேனியாவும்.

இயோடின் விட்டால் பாசி கருநீலமாகும் என்ற வரியும் திருத்த வேண்டியது. கிளாமிடோமோனஸ் என்ற பச்சைப்பாசியில் மாவுச்சத்து இருப்பதால் அப்படி ஆகும். யூக்ளினா சேமிப்பது பாராமைலான் என்ற வேறு வகைச் சத்து. அது இயோடினுக்கு நிறம் மாறாது. செய்து பார்க்கும் மாணவர்கள் முதலில் உயிரோடு பார்த்து அசைவையும் நிறத்தையும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு கவர்ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் ஒரு சொட்டு இயோடின் விட்டு, எதிர் விளிம்பில் மைஒற்றுத் தாளை வைத்தால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். எடுத்த எடுப்பிலேயே இயோடினை விட்டால் நீந்தியது எது, மிதந்தது எது என்று தெரியாமல் எல்லாமே பழுப்பாகிவிடும்.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரை இரவில் நீலமாக ஒளிர்ந்ததற்கும் 'பாசி' என்றே காரணம் எழுதியிருக்கிறீர்கள். அது நாக்டிலூக்கா. டைனோபிளாஜெல்லேட் என்ற ஒற்றைச் செல் உயிர்களின் வகை, அதற்குச் சொந்தப் பசுங்கணிகம் கிடையாது. டயாட்டம் என்ற நுண்பாசி, மீன்முட்டை என்று அகப்பட்டதை விழுங்கும். பெரியவை 2 மி.மீ. வரை வளர்வதால் நுண்ணோக்கியே வேண்டாம்: கண்ணாடிக் குவளையில் கடல்நீரை அள்ளி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஊறிய சின்ன ஜவ்வரிசிபோல் மிதப்பது தெரியும். நம் கடலில் பெருகும் வகைக்குள் ஆயிரக்கணக்கில் நுண்ணிய பச்சை உயிரணுக்கள் குடியிருந்து நீந்துகின்றன. அந்தக் குடித்தனக்காரர்களால்தான் மன்னார் வளைகுடாவில் கடல் சில சமயம் பச்சையாகத் தெரிகிறது. பெருகியது மொத்தமாகச் செத்து அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது, அம்மோனியா கூடுகிறது. மீன் சாக அது போதும். வம்சாவளியில் நாக்டிலூக்கா நிற்பது குளத்துநீரில் நீந்தும் பாரமீசியத்துக்கும் மலேரியாவின் பிளாஸ்மோடியத்துக்கும் பக்கத்தில்.

பெட்டியின் கீழ்வரிசையில் கடற்பாசி எல்லாவற்றையும் ஒரே இனமாகக் கட்டிவிட்டீர்கள். மண்டபம், இராமேசுவரம் பக்கம் பாசியெடுக்கும் பெண்கள் இந்தத் தவற்றைச் செய்யமாட்டார்கள். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகார் என்ற கூழ்ப்பொருளைத் தரும் சிவப்புப் பாசிகள். கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் ஆல்ஜினேட் என்ற வேறொரு கூழ்ப்பொருளைத் தரும் பழுப்புப் பாசிகள். கட்டக்கோரையைக் காய்ச்சி அகார் எடுக்க முடியாது. செல்சுவரில் இருந்தால்தானே வரும்? சிவப்புப் பாசி நிலத்துத் தாவரங்களின் பக்கம் சேரும். பழுப்புப் பாசியோ டயாட்டத்தின் கிளை. வெற்றிலைக் கொடிக்காலை அழுக வைக்கும் பைட்டாப்தோராவும் அதே கிளைதான். கட்டக்கோரைக்கு மரிக்கொழுந்தைவிட பைட்டாப்தோராதான் நெருங்கிய சொந்தம் என்றால் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் மருந்து தெளிப்பவருக்கு இது காசு விஷயம். பைட்டாப்தோராவைப் பூஞ்சணம் என்று எண்ணி, பூஞ்சணத்தின் செல்சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் மருந்தை வாங்கி அடித்தால் வீண். அது எர்கோஸ்டிராலைத் தயாரிப்பதே இல்லை. அதற்கென்று மெட்டலாக்சில் என்ற வேறு வகை மருந்தைக் கேட்டு வாங்குவது அதனால்தான்.

சுருள்பாசி (ஸ்பைருலினா) ஒரு பாக்டீரியா, உட்கருவே கிடையாது. அதை அந்தப் பெட்டியிலிருந்தே எடுத்துவிடலாம்.

கடைசியாகப் படம். 'டயாட்டம்' என்று அச்சிட்டிருப்பது டெஸ்மிட் என்ற பச்சைப்பாசி. நடுவில் இடுங்கி, இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்ததுபோல் ஒத்திருக்கிறது, நிறம் புல்பச்சை. டயாட்டம் பொன்பழுப்பாக இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுக் குளத்துநீரைக் கவர்ஸ்லிப்பில் நன்றாகக் காயவிட்டு, இடுக்கியால் பிடித்துச் சுடரின் மேலே மெதுவாகச் சூடேற்றிச் சாம்பலாக்குங்கள். ஈரத்தோடு காட்டினால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஆறியபின் பார்த்தால் டயாட்டத்தின் சிலிக்கா ஓடு வரிகளோடு அப்படியே இருக்கும். டெஸ்மிட் எரிந்து போயிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தூத்துக்குடி